மருந்துக் கிடங்குக்கு ஒரு சமுதாயம்

நந்தனத்துக்குப் பின்னால், அடையாற்றுக் கரையில், வெள்ளைக்காரன் பீரங்கிக்கு வெடிமருந்து வைக்கக் கட்டிய கிடங்கு ஒன்று இருக்கிறது. சுவரின் மேல் ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். வெள்ளைக்காரன் போனான், நம் பட்டாளம் வந்தது. பட்டாளமும் போனது, கால் உடைந்த நாற்காலிகளைப் பத்திரப்படுத்துகிற அரசாங்க இலாகா ஒன்று வந்தது. அந்த நாற்காலிகளை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள என்னை வாட்ச்மேனாகப் போட்டார்கள். யாரும் தூக்கவில்லை. அதில் என் சாமர்த்தியம் என்று ஒன்றும் கிடையாது.

கிடங்கின் பின்சுவரை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம் ஒன்று. நானும் என் சம்சாரம் பங்கஜமும் அதில்தான் குடியிருந்தோம். எனக்கு ரிடையர்மெண்ட் கொடுத்த அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள், ரூமைக் காலி பண்ணச் சொல்ல மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அரசாங்கம் மறந்ததை ஞாபகப்படுத்தியவன் உருப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேறு வீடும் இல்லை. அந்த ரூம் போனால் அடுத்தது ரோடுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம், கரையோரமாக, முன்பு வரிசையாகக் குடிசைகள் இருந்தன. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரையும் லாரியில் ஏற்றி, செம்மஞ்சேரிக்கும் அந்தாண்டை ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். நாங்கள் மதிலுக்கு உள்ளே இருந்ததால் லாரிக்காரன் கண்ணில் படவில்லை. குடிசை இருந்த இடத்தில் இப்போது இரும்பு வேலி. வேலிக்குள் பூச்செடி. செடிக்குத் தண்ணீர் விட ஒரு மோட்டார். குடிசை இருந்தவரை அங்கே தண்ணீர் வந்ததே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். பழைய பட்டாளத்துக் கட்டடத்தைச் சமுதாயக் கலை மையமாக மாற்றுகிற குழு என்றார்கள். தலைவர் வேதாந்தம், மயிலாப்பூர்க்காரர். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பதவி இருந்த காலத்தில் அவருக்குக் கலை இருந்ததாகத் தெரியவில்லை, பதவி போனதும் வந்திருக்கிறது. இரண்டாவது ஹம்சினி என்ற பெண், பழைய கட்டட நிபுணர். மூன்றாவது கணேசமூர்த்தி, தெற்கத்திக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். செலவில் பாதி டெல்லியில் இருக்கிற ஏதோ அறக்கட்டளை கொடுக்கிறது, மீதிக்கு இவர்.

ஹம்சினி நேராகப் போய்ச் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், இந்தச் சுவர் பேசறது."

நான் அதே சுவரில் முதுகை வைத்து எத்தனையோ வருஷம் தூங்கியவன். என்னிடம் அது ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதெல்லாம் பங்கஜம்தான்.

வேதாந்தம் என்னைக் கூப்பிட்டார். "இதோ பாருங்கோ. டெல்லிக்காரா கேக்கற முதல் கேள்வியே, சமுதாயம் எங்கேன்னுதான். சமுதாயம் இல்லாத எடத்துல சமுதாயக் கலை மையம் கட்டப்படாதாம். இங்க சமுதாயம் இருக்கோன்னோ?"

"ஆத்தங்கரையில இருந்துச்சு சார். தூக்கிட்டாங்க."

"எப்போ?"

"செடி வெக்கறதுக்கு முன்னாடி."

அவர் வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "செடி நன்னா வந்திருக்கு" என்றார்.

அப்போது பார்த்து, பின்னாலிருந்து பங்கஜம் குடத்தைக் கீழே வைக்கிற சத்தம். மூன்று பேரும் திரும்பினார்கள். "யார் அது? இங்க யாரானும் குடியிருக்காளா?" என்றார் வேதாந்தம்.

நான் செடியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். பங்கஜம்தான் முன்னே வந்து, "நாங்கதாங்க. பின்னாடி ரூம்ல கீறோம்" என்று சொல்லிவிட்டாள். முடிந்தது, இத்தனை வருஷம் ஒளித்துவைத்த ரூமை ஒரு வாயில் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தால், தொலைந்த சாவியைக் கண்டெடுத்த மாதிரி இருந்தது.

"அப்போ நீங்கதான் சமுதாயம்" என்றார் வேதாந்தம்.

கணேசமூர்த்தி என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"நல்லசிவமா? நம்ம பக்கத்துப் பேருல்லா. எந்த ஊருவே?"

"பொறந்தது சைதாப்பேட்டை ஆஸ்பத்திரி."

"அப்பா ஊரு?"

"அவரு சொல்லலைங்க. நானும் கேக்கலை."

"சரி விடும். சமுதாயத்துல நம்மாளும் ஒருத்தரு இருக்காருன்னு ஆச்சு."

வேதாந்தம் என் பக்கம் குனிந்து, "உங்களுக்கு இங்க கலை வேணுமா, வேண்டாமா?" என்றார். எனக்கு எது வந்தாலும் சந்தேகம். தானாக வீட்டுக்கு வருகிற எதையும் நான் நம்பினதில்லை. யோசித்தேன். பங்கஜம் என் இடுப்பில் கிள்ளி, "வேணும்னு சொல்லித் தொலையேன்யா" என்றாள்.

"கலை வேணும் சார். ஆனா எங்க ரூம் இருக்குமா?"

அவர் சிரித்தார். "என்ன கேள்வி இது? நீங்கதானே சமுதாயம்? சமுதாயத்தை வெளியில அனுப்பிட்டு நாங்க யாருக்கு மையம் கட்டறது?"

அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ரூம் தங்க வேண்டும். அதற்காக அவர்கள் என்ன சொன்னாலும் செய்தேன்.

முதலில் சமுதாயக் கருத்துக் கேட்புக் கூட்டம். கிடங்குக்குள் நாற்காலி போட்டு, பேனர் கட்டி, மைக் வைத்தார்கள். நாற்காலியெல்லாம் காலி. நானும் பங்கஜமும் முன்வரிசையில். டெல்லியில் சொல்லியிருக்கிறார்களாம், சமுதாயத்தில் முதியோர், பெண்கள், இளைஞர் மூன்றும் இருக்க வேண்டும் என்று. முதியோர் நான். பெண்கள் பங்கஜம். இளைஞருக்குக் கணேசமூர்த்தி தன் கடைப் பையன்களை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு முகூர்த்த நாள், கடையில் கூட்டம், ஒருவனையும் விட முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெட்டி நிறைய ரெடிமேட் சட்டையும் சேலையும் அனுப்பிவைத்தார்.

போட்டோக்காரர் என்னை ஒவ்வொரு நாற்காலியிலும் ஒவ்வொரு சட்டையில் உட்காரவைத்தார். தலையில் ஒரு தொப்பியை மாட்டி, "பெரியவரே, இப்ப நீங்க இளைஞர். கொஞ்சம் நிமிந்து உக்காருங்க" என்றார். நிமிர்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. பங்கஜத்துக்குச் சேலை மாற்றி மாற்றி வாய் வலித்ததுதான் மிச்சம், ஒவ்வொன்றையும் கட்டும்போது ஒவ்வொரு குறை சொன்னாள். கணேசமூர்த்தி போனிலேயே கத்தினார். "டேக்கை மட்டும் கிழிச்சிராதீங்க. திரும்ப ஷோகேஸுக்குப் போவணும்லா."

படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒட்டிக் காட்டினார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. அதில் ஓரத்தில் கோடுபோட்ட சட்டையில் நான் எழுந்து நின்று கையை ஆட்டிக் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். பூப்போட்ட சட்டையில் நானே அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேதாந்தம் மைக்கைப் பிடித்து, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார். "நாங்க எதையும் உங்க மேல திணிக்கப் போறதில்லை. அந்தக் காலமெல்லாம் போயிடுத்து. நீங்க என்ன கேக்கறேளோ அதைத்தான் செய்யப்போறோம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு, நீங்க கேக்க வேண்டியதையெல்லாம் நாங்களே தயார் பண்ணிண்டு வந்துட்டோம். ஹம்சினி, வாசிம்மா."

ஹம்சினி வாசித்தாள். எங்களுக்குக் குளிர்சாதன வசதியுள்ள ஓவியக்கூடம் தேவைப்பட்டது. காபிக் கடை தேவைப்பட்டது. கார் நிறுத்த இடம் ரொம்பவும் அவசரமாகத் தேவைப்பட்டது. இவ்வளவு குறையோடா இத்தனை வருஷம் வாழ்ந்தோம் என்று எனக்கே வருத்தமாகிவிட்டது. பங்கஜம் கையைத் தூக்கி, "பின்னாடி ஒரு தண்ணிப் பைப்பு" என்றாள். அது இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார்கள்.

அடுத்து ஹம்சினி ஒரு ரெக்கார்டரோடு வந்து, "உங்க சமுதாயத்தோட கலை என்ன அய்யா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் கிடையாதும்மா."

"கலை இல்லாத சமுதாயமே கிடையாது. யோசிச்சுப் பாருங்க. பாட்டு, கூத்து, ஏதாவது?"

யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. பங்கஜம் ரூமிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"யோவ், அங்க லாரி வந்து நின்னுகினு கீது, நீ இங்க குந்திகினு கதை பேசிகினு கீறியா? ஒன்ன கட்டினு வந்த நாள்லேர்ந்து நான்தான்யா கொடத்த தூக்கறேன். எங்கப்பன் ஒரு கெணத்துல தள்ளிருந்தாகூட தண்ணியாவது கெடச்சிருக்கும். எய்ந்திருய்யா."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் ஹம்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன ஒரு கட்டமைப்பு. ஒப்பாரியும் வசவும் ஒரே மூச்சுல வருது. கிணறு ஒரு படிமம்" என்றாள். ரெக்கார்டரை அமுக்க மறந்துவிட்டாளாம். பங்கஜத்தின் கையைப் பிடித்து, "அம்மா, இன்னொரு தடவை அதே கோபத்தோட" என்று கெஞ்சினாள்.

"அதே கோவம் எப்டிம்மா வரும்? தண்ணிதான் புடிச்சாச்சே."

என்னைப் பழையபடி அந்த இடத்தில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அதே கோபம் தானாக வந்துவிட்டது.

பிறகு வேலை தொடங்கியது. உடைந்த நாற்காலிகள் லாரியில் போயின. பழைய காரையைப் பெயர்த்து, சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் அரைத்துப் பூசினார்கள். எறும்புக்குத்தான் கொண்டாட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று ஹம்சினி ஒற்றைக்காலில் நின்றாள். ஏசி மட்டும் அந்தக் கணக்கில் வராது.

ஒரு நாள் காலையில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். பங்கஜம் அடுப்பில் உலை வைத்திருந்தாள்.

"அய்யா, இது வெடிமருந்து இருந்த இடம். இங்கே அடுப்பு எரியலாமா?"

"மருந்து போயி நூறு வருஷம் இருக்குமேம்மா."

"மருந்து போயிருக்கலாம். அதோட வரலாறு போகலையே."

வரலாறு தீப்பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. பங்கஜம் சோறு வெந்தபிறகுதான் அடுப்பை அணைத்தாள். அன்று முதல் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு. பிளாட்பாரக் கடையில் இட்லி வாங்கித் தின்றோம்.

அடுத்த வாரம் ரூமை அளந்தார்கள். பின்சுவரை ஒட்டிய இந்த ஆஸ்பெஸ்டாஸ் பிற்சேர்க்கை, மூலக் கட்டடத்தில் இல்லாதது, இடித்துவிட வேண்டும் என்று ஹம்சினி சொல்வது என் காதில் விழுந்தது. நேராக வேதாந்தத்திடம் போனேன்.

"சார், நீங்க வாக்குக் குடுத்தீங்க. ரூம் இருக்கும்னு."

"யார் இல்லேன்னா? ரூமை இடிக்கப்படாதுன்னு நானே சொல்லிட்டேன். டெல்லியில கண்டிப்பா ஒரு சமுதாய அறை வேணுங்கறா. உங்க ரூமைத்தான் சமுதாய அறைன்னு வெச்சிருக்கேன்."

எனக்கு உயிர் வந்தது. நாங்கள்தானே சமுதாயம். எங்கள் ரூமுக்கு எங்கள் பேரையே வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றேன்.

"திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் சாமானையெல்லாம் எடுத்துண்டுடுங்கோ."

"எதுக்கு சார்?"

"சமுதாய அறையில ஆள் குடியிருக்கப்படாதே."

"நாங்கதான சார் சமுதாயம்."

அவர் சலித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார். "நல்லசிவம், கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ஒருத்தர் குடியிருந்தா அது தனி மனுஷா இடமாயிடறது. அப்புறம் மத்தவா வரமுடியாது. யாருமே இல்லாம இருந்தாத்தான் அது எல்லாருக்கும் பொது. உங்க ரூம் இனிமே எல்லாருக்கும் சொந்தம். நீங்களும் எல்லாரையும்போல முன்கூட்டிப் பதிவு பண்ணிண்டு எப்ப வேணா வரலாம். ரெண்டு மணி நேரம் தாராளமா உக்காந்துக்கலாம்."

ரூமுக்குத் திரும்பி வந்து பங்கஜத்திடம் சொன்னேன். அவள் அணைத்துவைத்த அடுப்பைத் துடைத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "டெல்லிலேர்ந்து வராங்கல்ல, அவங்களாண்ட சொல்லு. காசு குடுக்கறவன் சொன்னா இவரு கேட்டுத்தான ஆவணும்" என்றாள். அது எனக்கும் சரி என்று பட்டது.

திறப்பு விழா அன்று, பணம் கொடுத்த அறக்கட்டளையிலிருந்து டெல்லி அம்மாள் ஒருத்தி வந்தாள். சமுதாயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிட்டாளாம். போட்டோவில் அவ்வளவு பேர் இருந்து, நேரில் இரண்டு பேர் நின்றால் நன்றாக இருக்காதே. ஆகையால் குழு ஒரு பஸ் பிடித்து, செம்மஞ்சேரிப் பக்கம் போய், இங்கிருந்து தூக்கப்பட்டவர்களையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. எல்லாருக்கும் 'நம்ம இடம் நம்ம கலை' என்று அச்சடித்த மஞ்சள் பனியன்.

முதலில் இறங்கியவள் ருக்சார். முன்பு மதிலுக்கு அந்தப் பக்கம் ஆப்பக் கடை போட்டிருந்தவள். சேலைக்கு மேல் பனியனை மாட்டியிருந்தாள்.

"இன்னா நைனா, எங்களாண்ட ஒரு வார்த்த கேக்காம நீயே நாங்களா ஆயிட்டியாமே" என்றாள்.

"ஆளு இல்லைன்னாங்க. அதான்."

"தொப்பி போட்டுகினு போட்டோ எல்லாம் புடிச்சியாமே. மாப்ள மாதிரி கீறியாம்." சிரித்தாள். பிறகு பங்கஜத்தைக் கட்டிக்கொண்டாள். "தூக்கினு போறப்போ ஒருத்தன் வந்து கேக்கலக்கா. இப்ப போன் போட்டு, 'வாங்கம்மா, உங்க எடத்துக்கு'ன்றான். பிரியாணி உண்டான்னு கேட்டேன். உணவு உண்டுன்னான். வந்து பாத்தா கம்பு லட்டு."

வெடிமருந்துக் கிடங்கில் நெருப்பு ஆகாது என்பதால் குத்துவிளக்குக்கு பேட்டரி பல்பு போட்டிருந்தார்கள். வேதாந்தம் சுவிட்சைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் தீக்குச்சியை அணைக்கிற மாதிரி கையை உதறிக்கொண்டார். பிறகு எல்லாரையும் ஒரு இருட்டறைக்குக் கூட்டிப்போய்க் காதில் மாட்டுகிற கருவியைக் கொடுத்தார்கள். 'சுவரின் குரல்' என்று பேர். மாட்டிப் பார்த்தேன். "எய்ந்திருய்யா" என்றது. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் மயிலாப்பூர் சங்கீத வித்வான் ஒருவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டு, "முகாரி சாயல் இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

வேதாந்தம் பேசினார். "இது ஒரு காலத்துல பட்டாளத்தோட கோட்டை. சாதாரண ஜனங்க உள்ள வரமுடியாது. இன்னிக்கு அந்தக் கதவைத் தொறந்துட்டோம். இது உங்க இடம். உங்க வீடு. அஞ்சரைக்கு பஸ் கிளம்பறது, அதுக்குள்ள எல்லாரும் சுத்திப் பாத்துடுங்கோ."

கைதட்டினார்கள். டெல்லி அம்மாள் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். இங்கிலீஷில் கேட்டாள். ஹம்சினி தமிழில் சொன்னாள்: "இந்தச் சமுதாய அறையை வெச்சு நீங்க என்ன செய்ய ஆசைப்படறீங்கன்னு கேக்கறாங்க."

இதுதான் சமயம். பங்கஜம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்சாரும் வாயில் லட்டோடு நின்று பார்த்தாள். மரியாதையாக எப்படிச் சொல்வது என்று நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

"குடியிருக்கணும்" என்றேன்.

ஹம்சினி டெல்லி அம்மாள் பக்கம் திரும்பினாள். பிறகு இங்கிலீஷில் நீளமாகச் சொன்னாள். நான் சொன்னது ஒரு வார்த்தை, அவள் சொன்னது நாலு வரி இருக்கும். டெல்லி அம்மாள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கினாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கணேசமூர்த்தி பொன்னாடை போர்த்தினார், இதில் டேக் இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கூட்டம் கலைந்ததும் ஹம்சினியிடம் போய், "என்னம்மா சொன்னே அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"சமுதாயம் இந்த வெளியில் தன் இருப்பை உணர விரும்புகிறதுன்னு சொன்னேன் அய்யா. உங்க வார்த்தையோட கனத்தைக் கொஞ்சமும் குறைக்கலை. அடுத்த வருஷத்துக்கும் நிதி தரேன்னுட்டாங்க."

"ரூம்?"

"ரூம்லதான் நாளைக்கு முதல் பயிலரங்கம். 'வேர்களும் வீடும்'னு தலைப்பு. பத்து மணிக்கு ஆரம்பம். அதுக்கு முன்னாடி நீங்க சாமானை எடுத்துட்டீங்கன்னா பாய் விரிக்க வசதியா இருக்கும்."

அஞ்சரைக்கு பஸ்காரன் ஹாரன் அடித்தான். பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ருக்சார் பனியனைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, பங்கஜத்திடம் சொன்னாள்: "எங்க பிளாக்குல கீழ்வூடு ஒண்ணு பூட்டியே கீதுக்கா. ஓனரு ஊர்ல இல்ல. நான் பேசி வெக்கறேன், காலைல வந்துடுங்க. கலங்காத. அங்கயும் தண்ணி வராது, ஒனக்குப் பழக்கந்தான்."

மறுநாள் விடிந்ததும் ஒரு குட்டியானை வண்டி பிடித்தோம். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு பீரோ, குடங்கள், பங்கஜத்தின் அடுப்பு. எல்லாவற்றையும் ரூமுக்கு வெளியே சுவரோரம் அடுக்கினோம். அங்கே ஏற்கெனவே ஒரு பெயிண்டர் ஏணி போட்டு, ரூம் வெளிச்சுவரில் பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தான். ராத்திரியே போன் வந்ததாம், பத்து மணிக்குள் முடிக்க வேண்டுமாம்.

பங்கஜத்துக்கு எழுத்து தெரியாது. "இன்னாய்யா எழுதறான்?" என்றாள்.

நான் நிதானமாகக் கூட்டிப் படித்தேன். "கு-டி-யி-ரு-க்-க-ணு-ம். கீழ சின்னதா சமுதாயம்னு போட்டிருக்கான்."

"அது நீ நேத்து சொன்னதாச்சே."

"ஆமா."

"அப்ப நீ சொன்னத கேட்டுட்டாங்கன்ற."

"கேட்டாங்க. அதான் எழுதறாங்க."

அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பீரோவை ஒரு பக்கம் பிடித்துச் சுவரை விட்டு நகர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. பெயிண்டர் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தான்.

"பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம் எடுங்க" என்றான். "போட்டோ எடுக்க வராங்க. உங்க சாமான் எழுத்த மறைக்குது."